புது சைக்கிள் சஸ்பென்ஷன்: முதல் கோட்டிலிருந்து காப்புரிமை வரை

பின்சக்கர சஸ்பென்ஷனில் புதுமை என்பது பெரும்பாலும் ஒரு பிவட்டின், அதாவது பாகங்கள் ஆடும் அச்சாணியின், இடம்தான். அமெரிக்காவில் ஏ.எம்.பி. ரிசர்ச் நிறுவனத்தை நடத்திய ஹோர்ஸ்ட் லீட்னர் செயின்ஸ்டேயில் (பெடல் பக்கமிருந்து பின் அச்சுக்குப் போகும் கீழ்க் குழாயில்), பின் அச்சுக்குச் சற்று முன்னால், சற்றுக் கீழே ஒரு பிவட்டை வைத்தார். அதனால் சக்கரம் செயின்ஸ்டேயோடு ஒட்டாமல் சீட்ஸ்டேயோடு (சீட்டுப் பக்கமிருந்து பின் அச்சுக்கு இறங்கும் மேல் குழாயோடு) சேர்ந்து நகர்ந்தது. சக்கரம் போகும் பாதையையும், பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் நடந்துகொள்ளும் விதத்தையும் தனித்தனியே சரிசெய்ய முடிந்தது. அந்தக் காப்புரிமையை 1998-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் வாங்கியது. உரிமத் தொகை கட்ட விரும்பாத போட்டியாளர்கள் அதே பிவட்டை அச்சுக்கு மேலே, சீட்ஸ்டேக்கு மாற்றினார்கள். காப்புரிமையிலிருந்து தப்பினார்கள். ஆனால் சக்கரம் மறுபடி ஒற்றைப் பிவட்டைச் சுற்றும் வெறும் வட்டப் பாதைக்கே போய்விட்டது. சில சென்டிமீட்டர் தூரத்துக்கு அவ்வளவு மதிப்பு.

புதிதாக இறங்குபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. காப்புரிமை கிடைப்பது "புது மாதிரி சைக்கிளுக்கு" அல்ல. எந்தப் பாகம் எதற்கு எந்தப் பக்கம் இருக்கிறது, அதனால் என்ன விளைவு வருகிறது என்ற உறவுக்குத்தான். கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் அந்த உறவைக் கண்டுபிடிக்கவும், எண்ணால் நிரூபிக்கவும், சரியான நேரத்தில் பதிவு செய்யவும்தான்.

ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுங்கள்

மிதிக்கும்போது பின்பக்கம் ஊஞ்சலாடுவது, பிரேக் பிடித்தால் சஸ்பென்ஷன் இறுகுவது, சக்கரம் மேலேறும்போது செயின் பெடலைப் பின்னுக்கு இழுப்பது, பேரிங் எண்ணிக்கை கூடி விலை ஏறுவது. இவற்றில் ஒன்றை எடுத்து ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இரண்டு வாக்கியம் தேவைப்பட்டால் இன்னும் குறை பிடிபடவில்லை என்று அர்த்தம்.

விலை குறைந்த டபுள் சஸ்பென்ஷன் சைக்கிள்களைக் கழற்றிப் பாருங்கள். பலவற்றில் ஸ்பிரிங் மட்டுமே இருக்கும். துள்ளலை அடக்கும் எண்ணெய் டேம்பர் இருக்காது. பிவட்டில் பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ் இருக்கும். லட்சக்கணக்கில் விலை போகும் மலை சைக்கிள்களில் மெருகேற்ற மிச்சம் கொஞ்சம்தான். டேம்பர் இல்லாமலே துள்ளலைக் குறைக்கும் மலிவான அமைப்பு, ஒரே பிவட்டில் அதிக வேலை வாங்கும் லிங்க் (இரண்டு பாகங்களை இணைத்து ஆடும் கம்பி) போன்றவற்றுக்கு இந்த அடித்தட்டில்தான் இடம் அதிகம்.

ஏற்கெனவே இருப்பதைத் தேடுங்கள்

கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப், இந்திய அலுவலகத்தின் இன்பாஸ் நான்கும் இலவசம். வெறும் சொற்களால் தேடினால் பாதி தப்பிவிடும். ஒரே பாகத்தை ஒருவர் 'ராக்கர்' என்பார், இன்னொருவர் 'அப்பர் லிங்க்' என்பார். வகைப்பாட்டு எண்ணால் தேடுங்கள். செயின்ஸ்டே பிவட்டில் ஆடும் பின்சக்கர சஸ்பென்ஷனுக்கு பி62கே 25/28. ஷாக்கை (அதிர்வைத் தாங்கிச் சுருங்கும் பாகத்தை) லிங்க் வழியாக இணைக்கும் வகைக்கு பி62கே 25/286. முன்சக்கரத்தின் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்குக்கு பி62கே 25/08. மோட்டார் சைக்கிளும் இதே பி62கே-யில்தான் வருகிறது. காப்புரிமை அலுவலக ஆய்வாளர் பழைய மோட்டார் சைக்கிள் ஆவணத்தையும் எடுத்து நீட்டுவார். ஸ்பிரிங் வைத்த 'விப்பெட்' சைக்கிள் வந்தது 1885-இல் என்பதால் எவ்வளவு பழையதானாலும் ஒதுக்காதீர்கள்.

ஒவ்வொரு ஆவணத்திலும் படத்துக்கு முன் முதல் உரிமைக்கோரலை, அதாவது எதற்குப் பாதுகாப்பு கேட்கிறார் என்று சொல்லும் வாக்கியத்தைப் படியுங்கள். அதைத் துண்டு துண்டாக உடைத்து ஒரு எக்செல் தாளில் போடுங்கள்: எண், முன்னுரிமைத் தேதி (முதன்முதலில் மனுப் போட்ட நாள்), கோரலின் ஒவ்வொரு கூறு, எந்தெந்த நாட்டில் பதிவு, உயிரோடு இருக்கிறதா. தாளின் கடைசி இரண்டு நெடுவரிசைகளும் பணம் சம்பந்தப்பட்டவை. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. மேலே சொன்ன லீட்னரின் அமைப்பான ஹோர்ஸ்ட் லிங்குக்கு அமெரிக்கக் காப்புரிமை உயிரோடு இருந்த காலத்திலேயே ஜெர்மன் நிறுவனங்கள் ஐரோப்பாவில் அதே அமைப்பை விற்றன. அந்தக் காப்புரிமை காலாவதியாகிவிட்டது, இப்போது யாரும் பயன்படுத்தலாம். உங்களுக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டால் தயாரிக்கும் உரிமையும் வந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் அமைப்புக்கு அடியில் இன்னொருவரின் உயிருள்ள காப்புரிமை இருந்தால், அந்த நாட்டில் அவர் அனுமதி வேண்டும்.

தாளில் கணக்கு: ஆன்டி-ஸ்குவாட்

மிதிக்கும்போது பாரம் பின்னுக்குச் சாய்ந்து பின்பக்கம் அமுங்கும். செயினின் இழுவையும் பிவட்டின் இடமும் சேர்ந்து அதை எதிர்க்கும். எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்லும் எண் ஆன்டி-ஸ்குவாட். 100 சதவீதம் என்றால் சாய்வும் எதிர்ப்பும் சமம். ஜியோஜீப்ரா மென்பொருள் போதும், கிராஃப் தாளிலும் போடலாம்.

பின் டயர் தரையைத் தொடும் புள்ளியைச் சுழியமாக வையுங்கள். 29 அங்குலச் சக்கரத்துக்குப் பின் அச்சு 370 மி.மீ. உயரத்தில். கிராங்க் மையம் (பெடல் கைகள் சுழலும் அச்சு) 435 மி.மீ. முன்னால், 340 மி.மீ. உயரத்தில். சக்கர இடைவெளி 1,200 மி.மீ. ஓட்டுபவரோடு சேர்ந்த எடை மையம் 1,100 மி.மீ. உயரத்தில் என்று கொள்ளுங்கள். முன் செயின்ரிங் 32 பல், பின்னாலும் 32 பல். இரண்டுக்கும் ஆரம் சுமார் 65 மி.மீ. என்பதால் மேல் செயின் கோடு, அச்சையும் கிராங்க் மையத்தையும் சேர்க்கும் கோட்டுக்கு இணையாக 65 மி.மீ. மேலே ஓடும்.

ஒற்றைப் பிவட்டை 450 மி.மீ. முன்னால், 405 மி.மீ. உயரத்தில் வையுங்கள். பின் அச்சிலிருந்து பிவட் வழியாக ஒரு கோடு. அது செயின் கோட்டை வெட்டும் இடம் சுமார் 443 மி.மீ. முன்னால், 404 மி.மீ. உயரத்தில். தரைப் புள்ளியிலிருந்து இந்த வெட்டுப்புள்ளி வழியாக இன்னொரு கோட்டை நீட்டி, முன் அச்சின் செங்குத்துக் கோட்டை எந்த உயரத்தில் தொடுகிறது என்று பாருங்கள். சுமார் 1,097 மி.மீ. வரும். அதை 1,100-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 100 சதவீதம்.

இப்போது பிவட்டை 15 மி.மீ. மட்டும் உயர்த்தி 420-இல் வையுங்கள். விடை 124 சதவீதத்துக்குத் தாவும். 400-க்கு இறக்கினால் 92-க்கு விழும். ஐந்து மி.மீ. பிசகினால் எட்டு சதவீதம் என்பதால்தான் வெல்டிங்கில் நகர்ந்த பிவட் முழு வடிவமைப்பையும் கெடுத்துவிடும்.

இது முழுதும் விரிந்த நிலைக்கான கணக்கு. அடுத்து, ஓட்டுபவர் உட்கார்ந்ததும் அமுங்கும் நிலைக்கு, அதாவது சக்கரம் மேலேறக்கூடிய மொத்தப் பயணத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்கு, அச்சை நகர்த்தித் திரும்பப் போடுங்கள். பிறகு பின்னால் பெரிய, சிறிய பற்சக்கரங்களுக்கும் போடுங்கள். மேடேறும் கியரில், உட்கார்ந்த நிலையில் 100-ஐ ஒட்டி வருவது நல்ல தொடக்கம். மிக அதிகமானால் ஊஞ்சல் நின்றாலும், கல்லில் ஏறும்போது செயின் பெடலை உதைக்கும்.

நான்கு கம்பி அமைப்பானால் பிவட்டுக்குப் பதில் கணநேர மையத்தைப் பயன்படுத்த வேண்டும். பின்சக்கரத்தைத் தாங்கும் பாகத்தை முன் ஃபிரேமோடு இணைக்கும் இரண்டு லிங்க்குகளின் கோடுகளையும் நீட்டினால் அவை வெட்டும் இடம்தான் அது. சக்கரம் நகர நகர அதுவும் நகரும். பிரேக் விளைவுக்குத் தரைப் புள்ளியிலிருந்து நேராக கணநேர மையம் வழியாகக் கோடு போட்டால் போதும், செயின் கோடு வேண்டாம். சைக்கிளுக்கென்றே எழுதப்பட்ட லிங்கேஜ் மென்பொருள் இதையெல்லாம் நொடியில் வரைந்து காட்டும். இருந்தாலும் ஒருமுறையாவது கையால் போட்டுவிடுங்கள். காப்புரிமை மனுவின் விவரக்குறிப்பு எழுதும்போது ஏன், எதனால் என்று சொல்ல அந்தக் கைப்பழக்கம்தான் உதவும்.

நெம்பு விகிதம்

சக்கரப் பயணத்தை ஷாக்கின் ஓட்டத்தால் வகுத்தால் சராசரி நெம்பு விகிதம். சந்தையில் கிடைக்கும் 210×50 ஷாக்கை (210 மி.மீ. நீளம், 50 மி.மீ. ஓட்டம்) எடுத்தால் 130 மி.மீ. பயணத்துக்கு 2.6. சராசரி மட்டும் போதாது. சக்கரத்தை 5 மி.மீ. படியாக உயர்த்தி ஒவ்வொரு படியிலும் ஷாக் எவ்வளவு சுருங்கியது என்று பட்டியல் போடுங்கள். தொடக்கத்தில் 2.9, முடிவில் 2.3 என்று சீராக இறங்கினால் விகிதம் சுமார் 21 சதவீதம் குறைகிறது, அதாவது போகப் போக இறுகும். காயில் ஸ்பிரிங்குக்கு இது பொருந்தும். ஏர் ஷாக் முடிவில் தானாகவே இறுகும் என்பதால் குறைவாக இருந்தாலும் சமாளிக்கும். இந்த விகிதத்தின் வளைவு நடுவில் இறங்காமல் மறுபடி ஏறினால் சஸ்பென்ஷன் பாதியில் சரிந்து விழுவதுபோல் இருக்கும். முடிவில் லிங்க்குகள் நேர்கோட்டுக்கு வந்தால் இன்னும் ஆபத்து, அமைப்பு பூட்டிக்கொள்ளும்.

ஷாக் அளவை முதலிலேயே சந்தை அளவுகளிலிருந்து தேர்ந்தெடுங்கள். தனி அளவில் ஷாக் செய்யச் சொன்னால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

மர மாதிரி

6 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் லேசர் வெட்டி, எம்5 போல்ட்டைப் பிவட்டாக்கி, பாதி அளவில் பக்கவாட்டு மாதிரி ஒன்று செய்யுங்கள். ஷாக் இடத்தில் துளையிட்ட ஒரு பட்டை. முழுப் பயணமும் நகர்த்தி, டயர் சீட் ட்யூபை, லிங்க் செயின்ரிங்கை, ஷாக் ஃபிரேமைத் தொடுகிறதா என்று பாருங்கள். திரையில் தெரியாத இடிபாடுகள் பல இங்கே கண்ணில் படும்.

தெருவில் இறக்கும் முன் மனு

இந்த வரிசையை மாற்றாதீர்கள். மாதிரி சைக்கிளைப் பொது இடத்தில் ஓட்டுவதும், யூடியூபில் போடுவதும், கண்காட்சியில் வைப்பதும் வெளியீடுதான். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, பொது இடத்தில் சோதிப்பது தவிர்க்க முடியாததாக இருந்தால், மனுவுக்கு முந்தைய ஓராண்டுக்குள் நடந்த நியாயமான சோதனையை மன்னிக்கிறது. அமெரிக்காவும் கண்டுபிடித்தவரின் சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டு அவகாசம் தருகிறது. ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான அவகாசம் கிடையாது. ஒரு நிமிட வீடியோ போதும், அங்கே கதவு மூடிவிடும்.

தற்காலிக விவரக்குறிப்போடு மனு கொடுத்தால் அந்தத் தேதி உங்களுடையது. முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் கிடைக்கும். தமிழ்நாடு, புதுச்சேரிக்காரர்களுக்கு உரியது சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகம். ஆன்லைனிலேயே போடலாம், டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். ஆவணங்கள் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் மட்டுமே ஏற்கப்படும். தமிழில் யோசித்து, தமிழில் குறிப்பெடுத்து, கடைசியில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். மொழிபெயர்ப்பவருக்குச் சைக்கிள் தெரிந்திருக்க வேண்டும்.

தேவையானவை: படிவம் 1 மனு, படிவம் 2 விவரக்குறிப்பு, படிவம் 3 வெளிநாட்டு மனுக்கள் பற்றிய உறுதி, முழு விவரக்குறிப்போடு படிவம் 5 கண்டுபிடித்தவர் அறிவிப்பு. முகவர் வைத்தால் படிவம் 26. ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிலையம் ஆகியவை கட்டணச் சலுகைக்குப் படிவம் 28. தனிநபருக்கு ஆன்லைன் மனுக் கட்டணம் ரூ.1,600. இது 30 பக்கம், 10 கோரல் வரைக்கும். மேற்கொண்டு பக்கத்துக்கு ரூ.160, கோரலுக்கு ரூ.320.

தற்காலிகம்தானே என்று ஒரே ஒரு படத்தை வைத்து இரண்டு பக்கம் எழுதிப் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை. அதில் என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் அந்தத் தேதி. பத்து மாதம் கழித்து ஷாக்கைப் படுக்கையிலிருந்து செங்குத்துக்கு மாற்றினால், அந்த மாற்றத்துக்கு முழு விவரக்குறிப்பின் தேதிதான் கிடைக்கும். அதனால் முதலிலேயே மாற்று வடிவங்களையும் வரைந்து சேருங்கள்: ஷாக் படுக்கை, செங்குத்து, காயில், ஏர், பிவட் இடம் நகரக்கூடிய எல்லை, செயினைத் திருப்பிவிடும் ஐட்லர் கப்பி வைத்த வடிவம், கிராங்க் இடத்தில் மோட்டார் உள்ள மின்சைக்கிள். படங்கள் ஏ4 தாளில், மேலேயும் இடப்பக்கமும் 4 செ.மீ., கீழேயும் வலப்பக்கமும் 3 செ.மீ. ஓரம் விட்டு இருக்க வேண்டும். படத்துக்குள் விளக்கம் எழுதக் கூடாது, எண்கள் மட்டும்.

வெல்டிங் பட்டறை, லேத் பட்டறைக்காரரிடம் வரைபடம் கொடுக்கும் முன் ரகசியம் காப்பதாக ஒரு பக்க ஒப்பந்தம் வாங்குங்கள். சொன்னபடி வெட்டிக் கொடுத்தவர் கண்டுபிடித்தவர் ஆகமாட்டார். "பிவட்டை இங்கே வைத்தால் பிரேக் இறுகாது" என்று யோசனை சொன்னவர் ஆகிவிடுவார், அவர் பெயரும் மனுவில் வர வேண்டும்.

ஓட்டக்கூடிய மாதிரி

முதல் மாதிரியை அலுமினியத்தில் செய்யாதீர்கள். 6061-டி6 அலுமினியம் வெல்டிங் சூட்டில் வலிமையை இழக்கும். அதைத் திரும்பப் பெற சுமார் 530 டிகிரியில் சூடாக்கி, தண்ணீரில் குளிர்த்து, பின் மணிக்கணக்கில் முதிர வைக்க வேண்டும். அதில் ஃபிரேம் வளையவும் செய்யும். 4130 குரோம்-மாலி ஸ்டீல் ட்யூப் எடுங்கள். தேவைப்பட்டால் அறுத்து, பிவட்டை 5 மி.மீ. நகர்த்தி, மறுபடி வெல்ட் வைக்கலாம். லிங்க்குகளை மட்டும் 7075-டி6 அலுமினியத் தகட்டில் சிஎன்சி வெட்டுங்கள், அவற்றில் வெல்டிங் இல்லை. ஷாக் பிடிக்கும் இடத்தில் 5 மி.மீ. இடைவெளியில் மூன்று துளை வைத்தால் மூன்று வளைவுகளை ஒரே ஃபிரேமில் சோதிக்கலாம்.

பிவட் பேரிங்குக்கு 6902-2ஆர்எஸ், அதாவது 15×28×7 மி.மீ., நல்ல தேர்வு. கூண்டு இல்லாமல் குண்டுகள் நிறைத்த வகையாகக் கேளுங்கள். பிவட் முழுச் சுற்று சுற்றாது, சில டிகிரிக்குள்ளேயே ஆடும், பாரம் அதே சில குண்டுகளில் விழும். குண்டு அதிகமானால் பாரம் பகிரப்படும். பேரிங் குழியை வெல்டிங்குக்குப் பிறகு கடையுங்கள், 28 மி.மீ.யைவிட 0.01 முதல் 0.03 மி.மீ. வரை இறுக்கமாக. இரு பக்கக் குழியும் ஒரே அச்சில் இல்லாவிட்டால் புது பேரிங்கே கரகரக்கும். பேரிங் இடைவெளியை முடிந்தவரை அகலமாக்குங்கள். 60 மி.மீ. அகலப் பிவட்டில் 0.1 மி.மீ. ஆட்டம், 435 மி.மீ. தள்ளி இருக்கும் அச்சில் 0.7 மி.மீ. ஆட்டமாகப் பெருகும். ஓட்டுபவருக்கு அது சக்கரம் கழன்றதுபோல் தெரியும்.

ஓட்டும் முன் ஷாக்கின் காற்றை முழுதும் இறக்கி, பின்பக்கத்தைக் கடைசி வரை அமுக்குங்கள். டயருக்கும் ஃபிரேமுக்கும் குறைந்தது 6 மி.மீ. இருக்க வேண்டும். பின்னால் பெரிய பற்சக்கரத்தில் செயினைப் போட்டு அதே நிலையில் பாருங்கள், செயின் விறைத்து நின்றால் முதல் பள்ளத்திலேயே கியர் மாற்றும் டிரெய்லியர் பிய்ந்துவிடும். ஷாக்கின் கண் பக்கவாட்டில் தள்ளப்பட்டால் புஷ் தேயும், தண்டு வளையும். போல்ட்டை உருவினால் ஷாக் தானாக விலகாமல் நேராக நிற்க வேண்டும்.

விற்க நினைத்தால் ஐஎஸ்ஓ 4210 தரச் சோதனைகள் காத்திருக்கின்றன. மலை சைக்கிள் ஃபிரேமுக்கு 1,200 நியூட்டன் பெடல் விசை ஒரு லட்சம் முறை, முன்னும் பின்னுமாக 1,200, 600 நியூட்டன் 50,000 முறை. விரிசல் பெரும்பாலும் பிவட் தாங்கும் இடத்தின் வெல்டிங் ஓரத்தில் தொடங்கும்.

உரிமைக்கோரல்

சோதனை ஓட்டத்தின் எண்களோடு முழு விவரக்குறிப்பை 12 மாதத்துக்குள் கொடுங்கள். 30 பக்கம், 10 கோரலுக்குள் என்றால் இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. தவறினால் மனு கைவிடப்பட்டதாகும்.

முதல் கோரலில் ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலி. "6902 பேரிங் கொண்ட பிவட்" என்று எழுதினால் போட்டியாளர் புஷ் போட்டுத் தப்புவார். "பிவட் 405 மி.மீ. உயரத்தில்" என்றால் 412-இல் வைப்பார். மில்லிமீட்டரை விட்டு உறவைச் சொல்லுங்கள்: சக்கரப் பயணத்தின் 25 முதல் 35 சதவீதத்துக்குள் கணநேர மையம் கிராங்க் அச்சுக்கு முன்னாலும் மேல் செயின் கோட்டுக்குக் கீழேயும் இருக்கும் என்பதுபோல. சக்கர ஆரத்தின் விகிதமாகச் சொன்னால் 26 அங்குலமும் 29 அங்குலமும் ஒரே வேலிக்குள் வரும். முதல் கோரல் அகலமாக, சார்ந்த கோரல்கள் படிப்படியாகக் குறுகலாக. ஆய்வாளர் முதலாவதை உடைத்தால் நான்காவதில் நிற்கலாம்.

காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவை மனதில் வையுங்கள். தெரிந்த பாகங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனியே செய்தால் அது கண்டுபிடிப்பு அல்ல. இரண்டு லிங்க்கும் சேர்ந்ததால் மட்டுமே வரும் விளைவை ஆன்டி-ஸ்குவாட் வளைவாக, பழைய அமைப்பின் வளைவோடு ஒரே படத்தில் காட்டுங்கள்.

ஆய்வு, வெளிநாடு

மனு தானாக ஆய்வுக்குப் போகாது. படிவம் 18-ஐ முன்னுரிமைத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தனிநபருக்கு ரூ.4,000. 2024 மார்ச் 15-க்கு முந்தைய மனுக்களுக்கு இது 48 மாதம் என்பதால் பழைய கட்டுரைகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். 18 மாதத்தில் மனு வெளியாகும். முன்கூட்டியே வேண்டுமானால் படிவம் 9, ரூ.2,500. ஸ்டார்ட்அப்களும் பெண் விண்ணப்பதாரர்களும் படிவம் 18ஏ மூலம் விரைவு ஆய்வு கேட்கலாம்.

முதல் ஆய்வு அறிக்கையில் ஆட்சேபம் வருவது வழக்கம், பதற வேண்டாம். பதிலுக்கு ஆறு மாதம், கேட்டால் மேலும் மூன்று. ஆய்வாளர் சுட்டிய ஆவணங்களை உங்கள் எக்செல் தாளில் கூறு கூறாகப் பொருத்தி, எந்தக் கூறு எதிலும் இல்லை, அது இல்லாததால் என்ன விளைவு வராது என்று எழுதுங்கள்.

இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் முதலில் மனுப் போட்டால் 39-ஆம் பிரிவுப்படி குற்றம். இந்திய மனுவுக்குப் பின் ஆறு வாரம் காத்திருங்கள், அல்லது படிவம் 25-இல் அனுமதி வாங்குங்கள். வெளிநாட்டு மனுவோ பிசிடி (பல நாடுகளுக்குச் சேர்த்து ஒரே மனுப் போடும் சர்வதேச உடன்படிக்கை) மனுவோ முதல் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள். பிசிடி வழியில் அமெரிக்காவுக்கு 30 மாதம், ஐரோப்பாவுக்கு 31 மாதம் வரை முடிவெடுக்கலாம். உயர்தர சைக்கிள் உற்பத்தியின் பெரிய மையமான தைவான் பிசிடியில் இல்லை. அங்கே வேண்டுமானால் முதல் 12 மாதத்துக்குள் நேரடியாகப் போட்டாக வேண்டும். 13-ஆம் மாதம் நினைவுக்கு வந்தால் முன்னுரிமை போய்விடும்.

காப்புரிமை மனுத் தேதியிலிருந்து 20 ஆண்டு. மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம். தனிநபருக்கு ஆறாம் ஆண்டு வரை ஆண்டுக்கு ரூ.800, பத்து வரை ரூ.2,400, பதினைந்து வரை ரூ.4,800, அதற்கு மேல் ரூ.8,000. காப்புரிமை கிடைத்தபின், தயாரிப்பு நடக்கிறதா என்று மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை படிவம் 27-இல் தெரிவிக்க வேண்டும். உரிமம் கொடுத்திருந்தால் அதையும் அதில் காட்டலாம்.